செவிவழி ஆங்கிலம்

குழந்தை தாய்மொழியை எழுத்துக் கூட்டிக் கற்பதில்லை, கேட்டே கற்கிறது. வள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆங்கிலம் என்றதும் மட்டும் நாம் முதலில் புத்தகத்தைத் திறக்கிறோம்.

விளைவு யாது? எழுத்தில் கண்டால் பொருள் கூறும் சிறுவன், அதே சொல்லைப் பிறர் பேசக் கேட்டால் திகைக்கிறான். தமிழில் பகர எழுத்து ஒன்றே. ஆகையால் குண்டூசியைக் குறிக்கும் 'பின்'னும், குப்பைத் தொட்டியைக் குறிக்கும் 'பின்'னும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. கன்னடக் குழந்தைக்கு இந்த இடர் இல்லை; அதன் எழுத்தில் இரண்டொலிக்கும் தனி வடிவம் உண்டு. ஆயினும் சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பது இருவருக்குமே புதிது. அதை எழுத்து காட்டாது, செவியே அறியும்.

நம் பெங்களூரில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் 1963-இல் தோன்றி ஆசிரியர்களைப் பயிற்றி வருகிறது. 2007-இல் கர்நாடக அரசு கன்னடவழிப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைப் புகுத்தியது. வீட்டில் ஆங்கிலமே ஒலிக்காத பிள்ளைகளுக்கு வகுப்பில் கேட்பதே முதலும் முடிவுமாகும். அவர்களுக்குக் கருவிகள் எங்ஙனம் துணைபுரியும்?

கென்யா நாட்டில் 1980-களின் முற்பகுதியில் வானொலி வழியே சிறுவர்க்கு ஆங்கிலம் கற்பித்தனர். வானொலி ஆசிரியர் வினா எழுப்பிச் சில நொடிகள் மௌனமாவார். அந்த மௌனத்தில் வகுப்பு விடை கூறும். பின்னர்ச் சரியான விடை ஒலிக்கும். அந்த மௌனமே பாடத்தின் உயிர்.

காற்றில் வந்த ஒலிபரப்பு அன்று ஒருமுறையே கேட்கும். இன்றைய கைப்பேசியிலோ பதிவை நிறுத்தலாம், திருப்பலாம், வேகத்தைக் குறைக்கலாம். முறை எளிது. ஒரு நிமிடக் கதை போதும். முதலில் படமும் எழுத்தும் இன்றி ஒலிக்கச் செய்க, 'யார் பேசுகிறார்?' என்று மட்டும் வினவுக. இரண்டாம் முறை, 'எங்கே சென்றார்?' என்க. மூன்றாம் முறை கேட்ட பின்னரே எழுத்தைக் காட்டுக. எழுத்து முந்தினால் கண் வேலை செய்யும், செவி உறங்கிவிடும்.

கருவியைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியரோ பெற்றோரோ அகலுதல் தகாது. பதிவு பிழையின்றிப் பேசும். ஆனால் எந்தக் குழந்தை விழிக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை அறியும் கண் ஆசிரியருக்கே உண்டு. ஆங்கிலம் நன்கறியாத தாயும் அருகமர்ந்து, 'என்ன கேட்டாய், தமிழில் சொல்' எனலாம். பொருள் விளங்கிற்றா என்பது அவ்விடையில் புலப்பட்டுவிடும்.