உழவரின் பேராசான்

(கீரிமலையில் நடைபெற்ற ஆண்டுவிழாக் கூட்டத்திலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



பேராசிரியர் எம். எஸ். சுவாமிநாதன் அவர்களை நினைவுகூர்ந்து சில வார்த்தை பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்தனர். 1925ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆந் திகதி கும்பகோணத்திலே பிறந்து, 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி சென்னையிலே தமது 98ஆவது வயதில் மறைந்தவர் அவர்.

தந்தையார் பேர்பெற்ற வைத்தியர். பதினொரு வயதிலே தந்தையை இழந்த பிள்ளையும் வைத்தியராகவே வேண்டுமென்று வீட்டார் விரும்பினர். ஆனால் 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்திலே இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அச்செய்தி அவர் மனத்தை மாற்றிவிட்டது. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியிற் போய்ச் சேர்ந்தார். விவசாயம் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பொடியனை அன்றும் இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பின்பு பொலிஸ் உயர்சேவைப் பரீட்சையிற் சித்தியெய்தியும் அதனைத் தள்ளிவிட்டு ஒல்லாந்து சென்றார். 1952இல் கேம்பிரிட்ஜிலே கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவிலே இருந்துவிடும் வாய்ப்பையும் வேண்டாமென்று 1954இல் தாய்நாடு திரும்பினார்.

கோதுமைப் புரட்சியைப் பற்றிப் பத்திரிகைகள் போதிய அளவு எழுதிவிட்டன. அதிலே ஒன்றை மாத்திரம் நான் எடுத்துக்கொள்கிறேன். குட்டைக் கோதுமை இனங்களை மக்களுக்குக் காட்ட 1964இல் செயல்விளக்கத் திட்டம் தொடங்கியபோது, அதனைச் சிறு உழவரின் நிலத்திலேயே செய்தல் வேண்டும் என்று அவர் நின்றார். பெரிய பண்ணைக்காரர் நிலத்தில் விளைந்தால், பணத்தினால் விளைந்தது என்று ஊரார் சொல்லிவிடுவர் அல்லவா? டில்லிக்கு அருகே ஜோந்தி என்னும் சிற்றூர் இவ்வாறே விதைக் கிராமமாயிற்று. ஆய்வுகூடத்தை விட்டு வரப்பிலே நின்று உழவனுக்கு மறுமொழி சொல்லப் பழகுதல்தான் அவர் தம்மிடம் பயின்றோர்க்குக் கொடுத்த முதற்பாடம். பிற்காலத்திலே அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் 2003இல் ஒரு கிராமியக் கழகத்தை நிறுவி, பட்டம் பெறாத கிராமத்து ஆண்களையும் பெண்களையும் அதன் ஆய்வாளராக ஏற்றுக் கௌரவித்தது. பட்டத்துக்காகவே படிக்கும் எம்மைப் போன்றோர் இதனைக் கேட்டுச் சற்று யோசித்தல் நன்று.

பசுமைப் புரட்சி மண்ணையும் நீரையும் கெடுத்தது என்று குறை கூறுவோர் உளர். குறை மெய்யே. ஆனால் 1968ஆம் ஆண்டிலே, புகழ் உச்சியில் நின்றபோதே, காசியில் நடந்த விஞ்ஞான மகாநாட்டில் அந்த ஆபத்தை எடுத்துரைத்தவரும் அவரே. மண்வளத்தைப் பேணாது தொடர்ந்து பயிரிடுதலும், கணக்கின்றி நிலத்தடி நீரை இறைத்தலும், மருந்தைக் கண்டபடி தெளித்தலும் கேட்டிலே முடியும் என்றார். சுண்ணக்கல்லின்மேல் வாழும் நமக்கு இது வேற்றூர்க் கதையன்று. நாம் தோட்டத்திற் கொட்டும் உரம் கல்லின் வெடிப்பு வழியே இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இனி, நான் சொல்ல வந்த பிரதான விஷயத்துக்கு வருகிறேன். வள்ளுவர் நிலத்தையே ஒரு பெண்ணாக வைத்துப் பேசினார். நான் படித்த மிஷன் பாடசாலையில் விதைக்கிறவனைப் பற்றிய உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அங்கும் விதைக்கிறவன் ஆண்தான். நிலம் பெண், உழவன் ஆண் என்று இருந்துவிட்டோம். வெங்காயம் நடுகிறவள் யார்? களை பிடுங்குகிறவள் யார்? வெயிலிலே குந்தியிருந்து கிண்டிப் பிடி கட்டுகிறவள் யார்? கமக்காரர் யார் என்று கேட்டால் மாத்திரம் அவள் கணவனின் பெயரைச் சொல்கிறோம்.

பேராசிரியர் இதனை விடவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1982இல் தலைவராகச் சென்றவர், மறு ஆண்டே நெற்செய்கையிற் பெண்களைப் பற்றி அங்கு ஒரு மகாநாட்டைக் கூட்டச் செய்தார். 1987இல் உலக உணவுப் பரிசை முதன்முதலாகப் பெற்று, அப்பணத்தைக் கொண்டு மறு ஆண்டு சென்னையில் ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பித்தார். கொல்லிமலையிலே சாமையும் தினையும் குற்றிக் குற்றிக் கை ஓய்ந்த பெண்களுக்கு அந்நிறுவனம் அரைக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது. குற்றுகிற வேலை குறைந்தாலன்றிச் சிறுதானியம் பிழைக்காது என்பதை விளங்கிக்கொள்ள உலக்கை பிடித்தவளிடம் கேட்க வேண்டியிருந்தது. அவருடைய மனைவியார் மீனா அம்மையார் குழந்தைப் பராமரிப்பிலே வல்லவர். வயலுக்குப் போகும் தாயின் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியை அவர் ஓயாது எழுப்பி வந்தார்.

2004 முதல் 2006 வரை தேசிய உழவர் ஆணைக்குழுவுக்குத் தலைமை வகித்தபோது, காணி உறுதி வைத்திருப்பவன் மாத்திரமன்றிக் குத்தகைக்காரரும் கூலியாட்களும் உழவரே என்னும் விரிந்த பொருளுக்கு வழிசெய்தார். 2012ஆம் ஆண்டிலே பெண் உழவர் உரிமை மசோதாவை மாநிலங்களவையில் தனி உறுப்பினராகக் கொணர்ந்தார். பயிர் செய்யும் பெண்ணுக்குக் காணி தன் பெயரில் இல்லாவிடினும் உழவர் அத்தாட்சிப் பத்திரம் கொடுக்க வேண்டும், அதைக் கொண்டு அவள் கடனும் நீரும் பெறவேண்டும் என்பது அதன் சாரம். 2013இல் அவருடைய பதவிக்காலத்தோடு அம்மசோதாவும் காலாவதியாயிற்று.

அங்கே உழுபவளிடம் காணி இல்லை. நம்மூரிலோ சீதனமாகக் காணி அவள் பெயரிலேயே இருக்கிறது! பெருமைதான். ஆனால் தேசவழமையோடு சேர்ந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற் போயிருந்தால்? மாவட்ட நீதிமன்றம் ஏறி அவனுடைய சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு கேட்கவேண்டும். போரிலே கணவனைத் தொலைத்தவள் அதனை எழுதிக் கேட்கும்போது எதனை ஒப்புக்கொள்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். பெரியோர் சிலர் வழமையிலே கைவைக்கலாகாது என்பர். அவர்கள் மன்னிப்பார்களாக, வழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே எழுதப்பட்டது, 1911இல் திருத்தப்பட்டது. திருந்தாத வழமையன்று அது.

1990இல் இவ்வூரைவிட்டு ஓடியவர்களின் காணிகள் பல ஆண்டுகளின் பின் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. வேலியில்லை, எல்லைக்கல் இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. உறுதிகளும் இடம்பெயர்விலே தொலைந்தன. பதிவகத்திலிருந்து பிரதி எடுக்கவும், நில அளவையாளரை அழைக்கவும், விண்ணப்பம் எழுதவும் தனித்து நிற்கும் தாய்மாருக்கு ஆள் வேண்டும். நாம் மலர் வெளியிடுகிறோம், நாடகம் போடுகிறோம், இதனையும் செய்யலாம். எழுதவும் படிக்கவும் தெரிந்த நாலு பேரும் ஒரு துவிச்சக்கரவண்டியும் இருந்தால் தொடங்கிவிடலாம். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைத் தாருங்கள். பெண்பிள்ளைகளும் வரவேண்டும்; சில வீடுகளில் அவர்களிடந்தான் பேசுவார்கள்.