பழைய கார், பழுதில்லாத சொல்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கரன்கோவில் பகுதியில் ஒரு பழைய கார் விலைக்கு வருகிறது என்றால், அந்தச் செய்தி டீக்கடையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் வாய்வழியாகத்தான் பரவுகிறது. "நல்ல வண்டி, ஒரே ஓனர், வீட்டு உபயோகத்துக்கு மட்டும் ஓடியது" என்று சொல்வார்கள். இந்தச் சொற்கள் எல்லாம் உண்மையாக இருக்கலாம், பாதி உண்மையாகவும் இருக்கலாம். இன்று நாம் சிந்திக்க இருப்பது அந்தப் பாதியைப் பற்றித்தான்.

கார் விற்பதற்கும் மறையுரைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். சீராக்கின் ஞானநூல் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு கற்களின் இடுக்கில் முளைக்குச்சி இறுகிக்கொள்வதுபோல், விற்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் பாவம் புகுந்துகொள்கிறது என்று அந்த ஞானி எச்சரிக்கிறார். கோயிலுக்குள் வந்து நின்ற மனிதரை மட்டும் அவர் பார்க்கவில்லை. சந்தையில் பேரம் பேசும் மனிதரையும் பார்த்திருக்கிறார்.

நாம் பேசுவது உழைத்துத் தேய்ந்த, ஆனால் இன்னும் நம்பி ஏறக்கூடிய வண்டியைப் பற்றி. மாருதி 800ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில், அந்த வகையின் முதல் காருக்கான சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். அவர் 2010இல் இறக்கும்வரை அந்த வண்டியை விற்கவே இல்லை. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று நம் தெருவில் ஓடுகிற மாருதி 800 எதுவானாலும் அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். பெயிண்ட் மங்கியிருக்கும், சீட் கிழிந்திருக்கும். ஆனாலும் ஒழுங்காகப் பராமரித்த வண்டி காலையில் சாவியைத் திருகியதும் கிளம்பும். ராஜபாளையம் ரோட்டிலும் திருநெல்வேலி ரோட்டிலும் வழியில் நிற்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்ளூர் மெக்கானிக்குக்கும் அதைப் பிரித்து மாட்டத் தெரியும்.

ஹர்பால் சிங்கைப் போல் கடைசிவரை வைத்துக்கொள்ள எல்லோராலும் முடிவதில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் வருகிறது. வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை வருகிறது. தறி ஓடாத மாதங்களில் கடன் ஏறுகிறது. வண்டியை விற்றால்தான் முடியும் என்ற நிலையில், ஐயாயிரம் ரூபாய்கூடப் பெரிய தொகைதான். அந்த நெருக்கடியில்தான் சோதனை வருகிறது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று நமக்குத் தெரியும். வந்து பார்ப்பவர் அதைக் கேட்கவில்லை. நாமும் சொல்லவில்லை. பொய் எதுவும் சொல்லவில்லையே என்று மனம் சமாதானம் தேடுகிறது.

இந்த மௌனத்தைப் பற்றி நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. அங்கே ஒரு குதிரைக் கதை வருகிறது. ஒருவர் தன் குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தே அதை ஏலத்தில் விற்கிறார். வாங்குபவரிடம் குறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த எடுத்துக்காட்டில் அதே குதிரை, அதே விற்பனை. ஆனால் வாங்குபவர் அவருடைய சொந்த மகள், இப்போதுதான் உரிய வயதை எட்டியவள். அப்போது அந்த உறவே தகப்பனுக்குக் கடமையை உண்டாக்குகிறது, குறையை அவர் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது அதே சட்டம்.

அன்பார்ந்தவர்களே, இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளுக்கும் நடுவில்தான் நம் விசுவாசம் நிற்கிறது. அந்நியர் என்றால் சும்மா இருக்கலாம், மகள் என்றால் சொல்லவேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்ட சட்ட வல்லுநருக்கு நம் ஆண்டவர் நல்ல சமாரியர் உவமையைச் சொன்னார். அதைக் கேட்ட நமக்கு, நம் வாசலில் வந்து வண்டியைச் சுற்றிப் பார்க்கும் மனிதர் அந்நியராக இருக்க முடியாது. மகளிடம் சொல்லக் கடமைப்பட்ட உண்மையை அவரிடமும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பழைய வண்டியை வாங்க வருபவருக்குப் பெரும்பாலும் அதுதான் வாழ்க்கையில் முதல் கார். விடியும்முன் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்த்த பணமாக இருக்கலாம், சீட்டு எடுத்த பணமாக இருக்கலாம். நாளைக்கு அந்த வண்டியில்தான் நள்ளிரவில் பிரசவ வலி கண்ட மகளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போவார். ஆகஸ்ட் 15 அன்று காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். நாம் சொல்லாமல் விட்ட பிரேக்கை நம்பி அந்தப் பிள்ளைகள் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படியானால் வண்டியின் ஒவ்வொரு கீறலையும் ஒப்பிக்கவேண்டுமா? 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ் இதே கேள்வியை எடுத்துப் பேசியிருக்கிறார். தம் இறையியல் தொகுப்பு நூலில், வாங்கல் விற்றலில் நடக்கும் ஏமாற்றுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். அவரும் குதிரையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். ஒற்றைக்கண் குதிரை என்றால் பார்த்தவுடன் தெரியும். விலையை நியாயமாகக் குறைத்துவிட்டால் அதைப் பறைசாற்றவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் குறை மறைவாக இருந்து, அதனால் வாங்குபவருக்கு ஆபத்தோ இழப்போ வரும் என்றால், சொல்லியே தீரவேண்டும். கிழிந்த சீட் கண்ணுக்குத் தெரியும். தரைத் தகட்டை அடியில் தின்றுகொண்டிருக்கும் துரு தெரியாது. முன்பு மோதி டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்தது தெரியாது. கெட்டியான ஆயிலை ஊற்றிச் சில நாட்களுக்குப் புகையை அடக்கி வைத்தது தெரியாது. கிலோமீட்டரைக் குறைத்து வைத்த மீட்டர் தெரியாது. இவற்றில் சில மௌனம், சில கையால் செய்த பொய்.

உண்மையைச் சொன்னால் விலை குறையாதா? குறையும். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் பொய்க்கும் ஒரு விலை உண்டு, அதை ஊரே சேர்ந்து கொடுக்கிறது. 1970இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப், பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த நாட்டுப் பேச்சு வழக்கில் ஏமாற்றும் வண்டிக்கு எலுமிச்சை என்று பெயர். புளியங்குடியில் எலுமிச்சை பயிரிடுகிற நம் விவசாயிகள் கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்! அவர் காட்டியது இதுதான். எது நல்ல வண்டி, எது கெட்ட வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது, எல்லா வண்டிக்கும் சந்தேக விலைதான் கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டு விலகுவார். கடைசியில் கெட்ட வண்டிகளே மிஞ்சும். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நம் வண்டி நம்பகமானது என்று நாம் சொல்வதை யாரும் நம்பாமல் போவது, முன்னால் விற்றவர்கள் விட்டுச்சென்ற கடன். நாம் மறைத்தால் நமக்குப் பின்னால் விற்பவர் தலையில் அந்தக் கடனை ஏற்றுகிறோம்.

ஆகவே ஒன்று செய்வோம். விற்குமுன் ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் எழுதுவோம். ஒரு பக்கத்தில் வண்டியின் நன்மைகள்: எத்தனை ஆண்டு நம்மிடம் இருந்தது, எப்போது ஆயில் மாற்றினோம், கிளட்ச், பேட்டரி, டயர் எப்போது போட்டோம். நல்லதைச் சொல்வதும் உண்மைதான், அதில் கூச்சம் வேண்டாம். மறுபக்கத்தில் நமக்குத் தெரிந்த குறைகள். "உங்கள் மெக்கானிக்கைக் கூட்டி வந்து பாருங்கள்" என்று நாமே சொல்வோம். ஒர்க்‌ஷாப் பில்களை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துக் கொடுப்போம்.

வாங்கும் இடத்தில் நாம் நிற்கும்போதும் இதே நீதிதான். வாங்கும்போது மட்டம் மட்டம் என்று சொல்லி, வாங்கிப்போன பிறகு பெருமை பேசும் மனிதரை நீதிமொழிகள் 20ஆம் அதிகாரம் அன்றே படம் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்கிறார் என்று தெரிந்துகொண்டு பாதி விலைக்குக் கேட்பதும் பாவம்தான்.

பணம் கைக்கு வந்ததும் கடமை முடிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். படிவம் 29, படிவம் 30 என்று அவற்றுக்குப் பெயர். 29இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "அவர் பார்த்துக்கொள்வார்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். வட இந்தியாவில் 2007இல் ஒருவர் தன் காரை விற்றார். பெயர் மாறாமலே அது பல கை மாறியது. 2009இல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் விற்றவர் பெயர்தான் அதில் இருந்தது. இன்ஷூரன்சும் வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று கேட்டுக்கொள்வோம். இது நம் பாதுகாப்புக்கு மட்டுமல்ல. விபத்தில் அடிபடும் ஏழை, யாரிடம் போய்க் கேட்பது என்று அலையாமல் இருப்பதற்கும்தான்.

அன்புக்குரியவர்களே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்றிருக்கும்படி ஆண்டவர் கேட்டார். வண்டியைச் சுற்றி வந்து, "இதில் ஏதாவது கோளாறு உண்டா அண்ணாச்சி?" என்று ஒருவர் நம்மிடம் கேட்கும் நேரம், அந்த வார்த்தைக்கு நாம் கொடுக்கும் பதிலின் நேரம். அவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்லவேண்டிய நேரம்.

மன்றாடுவோம். ஆண்டவரே, எங்கள் தேவை பெரிதாக இருக்கும் நாளிலும் எங்கள் நாவைக் காத்தருளும். எங்களிடம் வாங்க வருபவரில் எங்கள் பிள்ளைகளின் முகத்தைக் காணச் செய்யும். நாங்கள் விற்ற வண்டியில் ஏறிச் செல்லும் குடும்பம் பத்திரமாக வீடு வந்து சேர உம் தூதர்களை உடன் அனுப்பும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.