சாமிப் படத்துக்குப் பின்னால்

(ஆலயக் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் தாயார் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியவர். அதற்கு எங்கள் குடும்பத்தில் இருக்கும் சான்றுகள் இரண்டே: ஒரு புகைப்படம், ஒரு பித்தளைப் பொத்தான்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அவர்கள் 1943 ஜூலை 4ஆம் நாள் கேத்தே அரங்கில் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படை அணிவகுப்பு. அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் பெண்கள் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிருஷ்ணன் கோயிலுக்குப் போய்வரும் அதே தெருதான். கேப்டன் லட்சுமி அவர்கள் தலைமை தாங்கினார். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் பலர் இருந்தனர். அம்மாவுக்கு அப்போது வயது 17. ஆணைகளோ இந்துஸ்தானியில்! முதுமையிலும் அம்மா அவற்றை மறக்கவில்லை. பேரப்பிள்ளைகள் கூச்சல் போட்டால் "சாவ்தான்!" என்ற ஒரு சொல் போதும், வீடே அடங்கிவிடும்.

படத்தில் காக்கி உடையில் மூன்று பெண்கள். நடுவில் நிற்கும் அம்மாவின் காதுகள் வெறுமையாக இருக்கும். தோடு எங்கே என்று கேட்டேன். "நிதிக்குக் கழற்றிக் கொடுத்திட்டேன்" என்றார். அந்நாளில் நம் பெண்கள் பலர் அப்படித்தான் கொடுத்தார்கள்.

டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்கு நேதாஜியை அழைத்தபோது, எல்லாச் சாதியினரையும் சமயத்தினரையும் அனுமதித்தால் மட்டுமே வருவேன் என்றாராம். கோயிலாரும் இசைந்தனர். அவருடன் முஸ்லிம் அதிகாரிகளும் உள்ளே சென்றனர். அம்மா இதைப் பெருமையோடு சொல்வார்.

வேதனையையும் மறைக்கமாட்டார். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தமிழர்கள் எத்தனை ஆயிரம்! ஜப்பானியர் கையில் மாண்ட சீனர்கள் எத்தனை! "ஜப்பான்காரனுக்காக நான் துப்பாக்கி எடுக்கலை, ஆனா அவன் பக்கத்திலே நின்னுதான் எடுத்தேன். அதையும் சேர்த்துத்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லணும்" என்பார்.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும், எஸ்பிளனேடில் இருந்த படையின் நினைவுச்சின்னத்தைத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் நினைவுக்கல் வைக்கப்பட்டது 1995ல்தான். பயந்துபோன பாட்டி, சீருடையை அடுப்பிலிட்டார். சாம்பலில் மிஞ்சியதே இந்தப் பொத்தான். புகைப்படத்தை எரிக்க மட்டும் பாட்டிக்கு மனம் வரவில்லை. தண்டாயுதபாணி படத்தின் சட்டத்தைப் பிரித்துப் பின்னால் வைத்து ஆணி அடித்துவிட்டார். கண்ணாடி மாற்றப் பிரித்தபோதுதான் அது வெளியே வந்தது. அத்தனை ஆண்டுகள் நாங்கள் முருகனுக்குக் காட்டிய தீபாராதனை அந்த மூன்று பெண்களுக்கும் சேர்ந்தே நடந்திருக்கிறது!

மற்ற இருவர் யார்? ஒருத்தியின் பெயரை அம்மா சொன்னார். மற்றவளின் பெயர் அவருக்கு நினைவு வரவில்லை. "என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்" என்று மட்டும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வீட்டாரும் இந்தச் சிங்கப்பூரிலேயே, பாட்டியின் கதை தெரியாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

ஆகவே அன்பர்களே, ஒரு வேண்டுகோள். கோயிலுக்குத் தரும் செங்கல்லுக்கும் விளக்குக்கும் பெயர் பொறிக்கிறோம். நல்லதுதான். வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறமும், பெரியவர்கள் இருக்கும்போதே, பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். மென்மையான பென்சில் போதும். எங்கள் படத்தைக் கூட்டம் முடிந்ததும் வாயிலருகே வைக்கிறேன். இடப்பக்கம் நிற்பவளை யாருக்கேனும் அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள்.