சிமெண்டுப் பிரதியும் இரும்புக் கூண்டும்

(பண்பாட்டுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கலையை எந்திரம் பிரதி எடுக்க ஆரம்பித்ததும் கலைக்கு என்ன ஆகிறது? ஹிட்லருக்குத் தப்பிப் பாரீசில் அகதியாக இருந்த ஜெர்மானிய யூதர் வால்டர் பெஞ்சமின், 1935இல் எழுதத் தொடங்கிய கட்டுரையில் இதைக் கேட்டார். ஒரு சிலை ஓரிடத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை அதைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் இருக்கிறது. கிட்டப் போனாலும் அது எட்டாத தூரத்திலேயே நிற்கும். அந்த ஒளிவட்டம் வழிபாட்டுச் சடங்கில் வேர்விட்டது. புகைப்படமும் சினிமாவும் அதை உதிர்த்துவிடுகின்றன என்றார். அதை வெறும் இழப்பாக அவர் பார்க்கவில்லை. கலை மக்களிடம் வரும், அரசியலாகும் என்றும் நம்பினார்.

இதைப் படிக்கிறப்போ ‘தூரம்’ங்கிற சொல்லிலேயே நமக்குக் கண் நின்னுபோகுது. அவருக்கு அது மனசு உணர்கிற தூரம். நமக்கோ தெருவில் கோடு கிழித்துக் காட்டிய தூரம். கருவறைச் சிலையின் அழகைப் பற்றி நூல் நூலாக எழுதினார்கள். உள்ளே விட்டால்தானே நாம் பார்க்க?

ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக் கூடம் தொடங்கினார். வண்ணத்துக்கு ஒரு கல்லாக ஒற்றி எடுத்த லட்சுமியும் சரஸ்வதியும் கடைக்கு வந்தார்கள். காசு கொடுத்தால் யார் வீட்டுச் சுவரிலும் தொங்கினார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் கால் வைத்தது 1939 ஜூலை 8ஆம் தேதிதான். சாமி காகிதமாகி வெளியே வந்து 45 வருஷம் கழித்துத்தான் நாம் உள்ளே போனோம்! காகிதத்துக்குத் தீட்டு இல்லை. எந்திரம் சாதி கேட்கவில்லை.

ஆனா, சுவருக்கு வந்தது யாரோட சாமி? பிரதி தூரத்தைக் குறைத்தது; எதைப் பிரதி எடுப்பது என்கிற அதிகாரம் அவர்களிடமே இருந்தது.

அந்த அதிகாரத்தை நாம் கையில் எடுத்தது அம்பேத்கர் சிலையில். நீலக் கோட்டு, நீட்டிய விரல், கையில் புத்தகம். அச்சில் வார்த்த சிமெண்டுச் சிலை. சேரியில வசூல் பண்ணி, கூலிக்காசில் வைத்தது. மூலச்சிலை எது என்று யாரும் கேட்பதில்லை. கலை விமர்சகர்கள் இதைக் கலை என்றே எண்ணுவதில்லை.

சரி, பிரதிக்கு ஒளிவட்டம் இல்லேன்னா, அதுக்கு ஏன் செருப்பு மாலை போடுறான்? 1997 ஜூலை 11 அன்று பம்பாய் ரமாபாய் நகரில் அதுதான் நடந்தது. கொதித்துத் தெருவுக்கு வந்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. 10 பேர் செத்தார்கள். ஆயிரத்தில் ஒன்றான ஒரு சிலைக்காக!

நம்ம ஊர்களில் அம்பேத்கரை இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பாம். உடைக்கிறவன் வெளியே, அவர் உள்ளே.

பெஞ்சமின் சொல்லாத ஒன்றைச் சேரி சொல்கிறது தோழர்களே. ஒளி ஒற்றைப் பொருளில் இல்லை. அதைச் சுற்றி நிமிர்ந்து நிற்கிறவர்களிடம் இருக்கிறது. அவன் உடைக்க வருவது சிமெண்டை இல்லை, அந்த நிமிர்வை. அதனால்தான் ஒன்றை உடைத்தால் அதே இடத்தில் இன்னொன்றை வைக்கிறோம். கருவறைக்குக் கதவு போட்டுத் தூரத்தை உண்டாக்கியவர்கள் இப்போது கூண்டு போட்டு உண்டாக்குகிறார்கள். அன்றைக்கு நம்மை வெளியே நிறுத்தினார்கள். இன்றைக்கு நம் தலைவரை உள்ளே நிறுத்துகிறார்கள். இந்தத் தூரத்தை எந்த எந்திரமும் குறைக்காது. நாம்தான் குறைக்க வேண்டும்.