மார்ச்சிலேயே முடிவாகிவிடும் நவம்பர்



தமிழ்ச் சங்க ஆண்டு விழா மேடையில் மொழியையும் பண்பாட்டையும் பேசுவது நம் வழக்கம். இன்று நான் வாக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம்மில் பலர் அமெரிக்காவின் குடிமக்கள். அதிபர் தேர்தல் ஆண்டில், நவம்பர் மாதம் ஆர்வத்தோடு போய் வாக்களித்து, சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். அதே ஆண்டு மார்ச்சில், கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்க நடத்தும் பிரைமரி தேர்தலுக்குப் போகிறோமா? 2024 மார்ச்சில் டெக்சஸில் இரண்டு கட்சிகளின் பிரைமரிகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. நவம்பரில் நம் கைக்கு வரும் வாக்குச்சீட்டில் யார் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சிலர்தான் முடிவு செய்தார்கள்.

பிரைமரியின் மதிப்பு நமக்குத் தெரியவில்லை. அதை நன்றாக அறிந்திருந்தவர்கள், கறுப்பின மக்களை அதிலிருந்து விரட்டியவர்கள். அந்த வரலாறு எங்கோ நடந்ததல்ல. நாம் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் இதே ஹூஸ்டனில் நடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டெக்சஸில் ஜனநாயகக் கட்சி வைத்ததுதான் சட்டம். அதன் பிரைமரியில் வென்றவர் நவம்பரில் தோற்பதில்லை. 1923-இல் மாநிலச் சட்டமன்றம், அந்தப் பிரைமரியில் கறுப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சட்டம் போட்டது. நவம்பர் தேர்தலில் வாக்களிக்கத் தடை சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் எல்லாரும் உட்காரலாம், என்ன சமைப்பது என்பதை மட்டும் நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம் என்பது போன்ற ஏற்பாடு அது.

எல் பாசோ நகரின் மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் வழக்குத் தொடுத்தார். 1927-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. யாரைச் சேர்ப்பது என்று கட்சியின் செயற்குழுவே தீர்மானிக்கட்டும் என்று சட்டமன்றம் உடனே சட்டத்தை மாற்றியது. நிக்சன் மறுபடி வழக்காடி 1932-இல் மறுபடி வென்றார். அடுத்து, கட்சி மாநாடே கூடி, வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதை எதிர்த்துப் போனவர் நம் ஹூஸ்டனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த குரோவி. கட்சி ஒரு தனியார் அமைப்பு, அது யாரை வேண்டுமானாலும் விலக்கலாம் என்று 1935-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அவர் தோற்றார். ஆனால் ஹூஸ்டன் விடவில்லை. 1940 பிரைமரியில் வாக்குச்சீட்டு மறுக்கப்பட்ட பல் மருத்துவர் லானி ஸ்மித் அதே கேள்வியை மீண்டும் கொண்டுபோனார். அவருக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 1944 ஏப்ரலில், எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் வெள்ளையர் பிரைமரி வீழ்ந்தது.

அப்போதும் ஒரு மிச்சம் இருந்தது. அது ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில். சுகர் லேண்டிலும் மிசூரி சிட்டியிலும் இன்று நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்களே, அதே ஃபோர்ட் பெண்டில். 1889 முதல் அங்கே ஜேபேர்ட் சங்கம் என்று ஒன்று இருந்தது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினர். பிரைமரிக்கு முன்பே அவர்கள் தங்களுக்குள் ஒரு தேர்தல் நடத்திக்கொள்வார்கள். அதில் வென்றவர் பிரைமரியில் வெல்வார், பிறகு நவம்பரிலும் வெல்வார். அரசுப் பணம் இல்லை, அரசுச் சட்டம் இல்லை, இது எங்கள் சங்கத்தின் சொந்த விவகாரம் என்றார்கள். 1953-இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் முடிவு கட்டியது. 1923 முதல் 1953 வரை முப்பது ஆண்டுகள், ஐந்து வழக்குகள். அதிகாரம் நவம்பரில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது என்று விரட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது, விரட்டப்பட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒரு தரப்பு அவ்வளவு பிடிவாதமாக அடைத்தது, மறு தரப்பு அவ்வளவு பிடிவாதமாகத் தட்டியது.

அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாட்டிலும் இதே போராட்டம் நடந்தது. 1964-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு, மிசிசிப்பி வெள்ளையர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளை அனுப்பினார்கள். உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான் என்று மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியினர் அங்கே போய் நின்றார்கள். பருத்திக் காட்டில் வேலை செய்த ஃபேனி லூ ஹேமர் சாட்சி சொன்னார். வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டதையும், சிறையில் தாம் அடித்து நொறுக்கப்பட்டதையும் நாட்டின் முன் வைத்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதிபர் ஜான்சன் அவசரச் செய்தியாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டி, கேமராக்களைத் தம் பக்கம் திருப்பினார். அன்றிரவே தொலைக்காட்சிகள் அந்தச் சாட்சியத்தை ஒளிபரப்பின. இரண்டே இரண்டு இடங்கள் தருகிறோம் என்ற சமரசத்தை அவர்கள் ஏற்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, சிகாகோ மாநாட்டில் ஹேமர் முறையான பிரதிநிதியாக அமர்ந்தார்.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். டெக்சஸ் அந்தச் சட்டம் போட்ட அதே 1923-இல்தான், பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர் வெள்ளையர் அல்லர், எனவே அவர் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல் அந்தத் தடை நீங்கியபோதும், இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேர் குடியேறலாம் என்றுதான் கணக்கு. கறுப்பின மக்கள் அடியும் உதையும் பட்டுப் பெற்ற வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6-இல் கையெழுத்தானது. நாம் இங்கே வர வழி திறந்த குடியேற்றச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 3-இல் கையெழுத்தானது. அதே நாடாளுமன்றம், அதே அதிபர், இடையில் இரண்டே மாதங்கள். இனத்தை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது தவறு என்று ஒரு தேசத்தின் மனசாட்சியை உலுக்கியவர்கள் அவர்கள். அந்த உலுக்கலில் திறந்த வழியில் வந்தவர்கள் நாம். அதற்கும் முன்பே, 1958-இல் பத்தொன்பது வயதில் பெர்க்லிக்குப் படிக்க வந்த தமிழ்ப் பெண் சியாமளா கோபாலன் அந்த மக்களின் ஊர்வலங்களில் சேர்ந்து நடந்தார் என்பது நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

இப்போது வாக்கின் நேர்மை என்ற கேள்விக்கு வருகிறேன். தகுதி இல்லாதவர் வாக்களிக்கக் கூடாது. இதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. தகுதி உள்ள ஒருவர்கூட வாக்களிக்காமல் திரும்பிப் போகக் கூடாது. இதுவும் நேர்மைதான். முதலாவதை மட்டும் உரக்கச் சொல்லி, இரண்டாவதை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மாநிலம் நமக்கே காட்டியது.

2019 ஜனவரியில், குடிமக்கள் அல்லாத சுமார் 95,000 பேர் டெக்சஸ் வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடும் என்று மாநில அரசு அறிவித்தது. நாடே பரபரப்பானது. பார்த்தால், அந்தப் பட்டியல் பழைய ஓட்டுநர் உரிமத் தகவலைக் கொண்டு தயாரானது. கிரீன் கார்டில் இருந்தபோது உரிமம் வாங்கி, பிறகு குடியுரிமை பெற்று, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்து, சட்டப்படி வாக்காளரானவர்கள் பல்லாயிரம் பேர் அதில் சிக்கியிருந்தார்கள். அதாவது, நம்மைப் போன்றவர்கள். வழக்குகள் வந்தன, ஏப்ரலில் அரசு அந்தப் பட்டியலைக் கைவிட ஒப்புக்கொண்டது. பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால் ஒரு சமூகம் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குத் தெரியும். 1948, 1949 ஆண்டுகளின் சட்டங்களால் இலங்கையின் மலையகத் தமிழர்கள் குடியுரிமையையும் வாக்கையும் இழந்து, அதைத் திரும்பப் பெறத் தலைமுறைகள் காத்திருந்தார்கள்.

2020 மார்ச் 3, அதிபர் பிரைமரி நாள். கறுப்பின மக்களின் கல்விக்கூடமாக வளர்ந்த டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகம் இதே நகரில் இருக்கிறது. அங்கே மாலையில் வரிசையில் நின்றவர்கள் ஆறு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். கடைசியாக ஒருவர் வாக்களித்தபோது நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகியிருந்தது. இரு கட்சிகளும் பிரைமரியைத் தனித்தனியாக நடத்தின. இயந்திரங்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். கூட்டமோ ஒரு பக்கம் குவிந்தது. யாரும் தடுக்கவில்லை, ஆனால் குழந்தையை அழைத்துவரப் போக வேண்டிய தாயும் இரவு வேலைக்குப் போக வேண்டிய தொழிலாளியும் அவ்வளவு நேரம் நிற்க முடியுமா?

2022 மார்ச் பிரைமரியில், அஞ்சல் வாக்குக்கு அடையாள எண் குறிக்க வேண்டும் என்ற புதிய விதி வந்தது. மோசடியைத் தடுக்க என்றார்கள். பெரும்பாலும் எண்ணைக் குறிக்காமல் விட்டவர்கள், பதிவில் இருக்கும் எண்ணைத் தவிர வேறு எண்ணைக் குறித்தவர்கள் என, மாநிலம் முழுவதும் 24,000-க்கும் மேற்பட்டவர்களின் வாக்குகள் எண்ணப்படாமல் போயின. டெக்சஸில் அஞ்சல் வாக்கு பெரும்பாலும் அறுபத்தைந்து வயது கடந்தவர்களுக்கும் உடல்நலம் இல்லாதவர்களுக்கும்தான். அவர்களில் எத்தனை தாத்தா பாட்டிகள்!

தேர்தல் காலத்தில் இனப்பகையைக் கிளறுவது பிரைமரிகளில் பழைய ஆயுதம். 2000-ஆம் ஆண்டு தென் கரோலினாவில், ஜான் மெக்கெயினுக்கு முறைதவறிப் பிறந்த கறுப்புக் குழந்தை ஒன்று இருக்கிறது என்று வதந்தி பரப்பினார்கள். அந்தக் குழந்தை வங்கதேச அனாதை இல்லத்திலிருந்து அவர்கள் தத்தெடுத்து வளர்த்த பெண். 2008-இல் ஒபாமாவும் ஹிலாரியும் மோதியபோது, ஒவ்வொரு மாநில முடிவையும் தோல் நிறத்தைக் கொண்டே அலசினார்கள். பெற்றோர் குடிமக்கள் ஆகுமுன் பிறந்ததால் அதிபராக முடியாது என்ற பொய்யை 2020-இல் கமலா ஹாரிஸ் மீது வீசினார்கள். 2024 பிரைமரியில் நிக்கி ஹேலி மீது வீசினார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. இருவரும் பிறந்தது இந்த நாட்டில். இந்த அரங்கில் ஓடி விளையாடும் குழந்தைகளில் பலர், நாம் விசாவில் இருந்தபோது பிறந்தவர்கள். அந்தப் பொய்யை நாம் இன்று சிரித்துவிட்டுக் கடந்தால், நாளை நம் பிள்ளைகளின் முகத்தில் அது விழும். அதே 2024 பிரைமரியில் போட்டியிட்ட, தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமியிடம், உங்கள் கருத்துகள் பலவற்றை ஏற்கிறேன், ஆனால் நீங்கள் இந்தியர் என்பதால் உங்களுக்கு வாக்களித்திருக்க மாட்டேன் என்று ஒரு பிரபல எழுத்தாளர் நேருக்கு நேராகவே சொன்னார். எந்தக் கட்சியானாலும் இதை நாம் கண்டிக்க வேண்டும்.

அதே மூச்சில் நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். நம் வாட்ஸ்அப் குழுக்களில் கறுப்பின மக்களையும் மெக்சிகோ மக்களையும் பற்றி வரும் செய்திகளில் சில, இந்த மேடையில் படிக்கத் தகுதியற்றவை. அந்தப் பகுதியில் வீடு வாங்காதே, அந்தப் பிள்ளைகளோடு சேராதே என்று பேசிக்கொண்டே சமத்துவத்தை நாம் கேட்க முடியாது. பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் பழக்கத்தை ஊரிலிருந்து சுமந்துவந்திருந்தால், அதை இறக்கிவைக்க வேண்டிய இடம் இதுதான்.

சங்கம் எந்தக் கட்சிக்கும் ஆதரவு சொல்லக் கூடாது. சட்டமும் இடம் தராது, நம் ஒற்றுமையும் இடம் தராது. ஆனால் வாக்களிக்கத் துணை நிற்கலாம். அதற்காக மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, பிரைமரிக்குப் போங்கள். டெக்சஸில் கட்சி உறுப்பினராகப் பதிய வேண்டியதில்லை. வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று சொன்னால் போதும். தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே வாக்காளராகப் பதிய விண்ணப்பித்திருக்க வேண்டும். மாநிலச் சட்டப்படி, பிறரை வாக்காளராகப் பதிவு செய்ய, கவுண்டியிடம் நியமனம் பெற்ற தன்னார்வப் பதிவாளராக இருக்க வேண்டும். நம் சங்கத்தில் சிலர் அந்தப் பயிற்சி எடுத்து, பொங்கல் விழாவிலேயே ஒரு மேசை போட வேண்டும்.

இரண்டு, பெற்றோரைக் கூட்டிப்போங்கள். 2014-இல் ஆஸ்டினுக்கு அருகே, ஆங்கிலம் சரளமாக வராத ஓர் இந்தியத் தாய்க்கு வாக்குச்சீட்டைப் படித்துச் சொல்ல உடன் வந்த மகனை, அவர் அந்தக் கவுண்டி வாக்காளர் இல்லை என்று சொல்லித் தடுத்தார்கள். வழக்கு நடந்தது. 2017-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவுப்படி, படிக்க இயலாதவர் தாம் விரும்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம் என்று உறுதி செய்தது. வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கத்தின் ஆளும் மட்டும் கூடாது. ஹாரிஸ் கவுண்டி வாக்குச்சீட்டு ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாமியம், சீனம் என நான்கு மொழிகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. அதற்காக நம் அம்மா அப்பா வீட்டில் இருக்க வேண்டியதில்லை.

மூன்று, தேர்தல் பணியாளராகச் சேருங்கள். பதினாறு வயது நிரம்பிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்கூடச் சேரலாம். ஒரு நாள் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால், வாக்கு எப்படிப் பதிவாகிறது, எப்படிக் காக்கப்படுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பொய்ச் செய்தி வரும்போது, நான் பார்த்தேன், அப்படி இல்லை என்று சொல்லும் துணிவு வரும். 2024 ஜனவரியில், நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரிக்கு இரண்டு நாள் முன், அதிபர் பைடனின் குரலைச் செயற்கையாக உருவாக்கி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். அந்தக் குரல் சொன்னது: இப்போது வாக்களிக்காதீர்கள், உங்கள் வாக்கை நவம்பருக்குச் சேமித்து வையுங்கள். அதை ஏற்பாடு செய்தவருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

நண்பர்களே, மக்களை ஏமாற்ற நினைத்தவர் தேர்ந்தெடுத்த பொய் எது என்று பாருங்கள். யாரும் ஏமாற்றாமலே நாம் ஆண்டாண்டாக அதைத்தான் செய்துவருகிறோம். நிக்சனும் குரோவியும் ஸ்மித்தும் எதற்காக நீதிமன்றப் படியேறிப் போராடினார்களோ, அந்த வாக்கு அது. அடுத்த பிரைமரியில் எந்தக் கட்சியின் சீட்டை வாங்குவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் வாங்குங்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் எந்த நிறத்தவராக இருந்தாலும், அவருடைய வாக்கு எண்ணப்படும் வரை உங்கள் வாக்கும் முழுமையாக எண்ணப்பட்டதாக நினைக்காதீர்கள்.