சொந்தமா ட்ரோன் செஞ்ச பையன் எந்தப் படிவத்தை நிரப்பணும்?

(பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிச்சுட்டு பகிருங்க.)



நான் பேச்சாளர் இல்லைங்க. பொறியியல் முடிச்சுட்டு அணியில வேலை பார்க்கிற ஒரு சாதாரணத் தொண்டன். ட்ரோன் பத்திப் பேசச் சொன்னாங்க. முதல்ல எங்க செட்டுல நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிடறேன்.

எங்க கூடப் படிச்ச ஒருத்தன் ரிச்சி தெருவுல மோட்டார், பேட்டரி, ஃபிரேம்னு ஒவ்வொண்ணா வாங்கி, ஹாஸ்டல் ரூம்லயே சால்டரிங் பண்ணி ஒரு ட்ரோன் செஞ்சான். லீவுல ஊருக்குப் போனப்ப, தண்ணி வத்தின ஏரியில பறக்கவிட்டான். யாரோ போன் பண்ணிட்டாங்க. போலீஸ் வந்து ட்ரோனை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ‘லைசென்ஸ் எங்க?’ன்னு கேட்டாங்க. லைசென்ஸ் வேணுமா வேணாமான்னு அவனுக்கும் தெரியல, கேட்டவருக்கும் தெரியல. மூணு மாசம் அலைஞ்சு திருப்பி வாங்கினப்ப பேட்டரி உப்பிப் போயிருந்தது. அவங்க அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: ‘இனிமே இது வேணாம்டா.’ அதோட விட்டுட்டான். இன்னிக்கு அவன் வேற ஏதோ வேலை பார்க்கிறான்.

இது யார் தப்பு? அந்தக் காவலர் மேல எனக்குக் கோபம் இல்லை. சட்டம் தெளிவா இல்லாத இடத்துல அவரும் என்ன செய்வார்? அதனால சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

2014 அக்டோபர் 7-ம் தேதி டிஜிசிஏ ஒரு பொது அறிவிப்பு கொடுத்தது. விதிமுறை வர்ற வரைக்கும் தனியார் யாரும் ட்ரோன் பறக்கவிடக் கூடாதுன்னு சொன்னாங்க. அந்த விதிமுறை நடைமுறைக்கு வந்தது 2018 டிசம்பர் 1-ல. நாலு வருஷம் கதவு மூடியே இருந்தது. உலகம் முழுக்க பசங்க வீட்டு மொட்டை மாடியில இந்தத் தொழில்நுட்பத்தைக் கத்துக்கிட்டது அந்த நாலு வருஷத்துலதான்.

2021 மார்ச்சில் வந்த விதிகள்ல 25 படிவம், 72 வகைக் கட்டணம். அதே வருஷம் ஆகஸ்ட் 25-ல புது ட்ரோன் விதிகள் வந்தது. படிவம் 5, கட்டணம் 4 வகைன்னு குறைஞ்சுது. பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் தனி அனுமதி வேண்டாம். 2 கிலோ வரைக்கும் உள்ள ட்ரோனை வணிக நோக்கம் இல்லாம பறக்கவிட பைலட் உரிமமும் வேண்டாம். இது நல்ல மாற்றம். ஒன்றிய அரசு செஞ்சதுங்கிறதுக்காக நல்லதை இல்லைன்னு சொல்ல மாட்டோம்.

ஆனா சிக்கல் உள்ளே இருக்கு.

பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் பறக்கவிடுற ‘மாடல்’ ட்ரோனுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம்னு விதி சொல்லுது. சரி. ஆனா அதுக்கும் பதிவு பண்ணி அடையாள எண் வாங்கணும். கட்டணம் 100 ரூபாய்தான், அது பிரச்சினை இல்லை. அந்த எண்ணை உற்பத்தியாளர் கொடுத்த வரிசை எண்ணோட இணைக்கணுமாம். இங்க உற்பத்தியாளர் யாருங்க? ஹாஸ்டல் ரூம்ல சால்டரிங் பண்ண பையன்! அவன் எந்த எண்ணைப் போடுவான்?

அடுத்து ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கு. யாருக்கு? அரசு அங்கீகரிச்ச ஆராய்ச்சி அமைப்பு, கல்வி நிறுவனம், பதிவு பெற்ற ஸ்டார்ட்அப், சோதனை அமைப்பு, ஜிஎஸ்டி எண் உள்ள உற்பத்தியாளர். இந்தப் பட்டியல்ல ‘தனி மனிதன்’ இல்லை. அதாவது காலேஜுக்குள்ள இருக்கிற வரைக்கும் நீ ஆராய்ச்சியாளன். கேட்டைத் தாண்டி உங்க ஊர் ஏரிக்கு வந்துட்டா நீ சந்தேகத்துக்குரிய ஆள்.

2022 பிப்ரவரியில வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. நம்ம நாட்டுலயே செய்யணும்னா நல்ல எண்ணம்தான். ஆனா நாமளே செய்யணும்னு சொல்லிட்டு, செய்யக் கத்துக்கிற பையனுக்கு இடம் வைக்கலைன்னா எப்படி?

2025 செப்டம்பர்ல கருத்துக் கேட்புக்கு வெளியிட்ட ட்ரோன் மசோதா வரைவுல கட்டாயக் காப்பீடு, பறிமுதல் அதிகாரம், அதுக்கும் மேல சிறைத் தண்டனைன்னு எழுதினாங்க. நிறுவனத்துக்கு வக்கீல் இருப்பாங்க. பாலிடெக்னிக் பையனுக்கு யார் இருக்காங்க?

‘பாதுகாப்பு முக்கியம் இல்லையா?’ன்னு கேட்பீங்க. முக்கியம்தான். 2021 ஜூன் 27-ல ஜம்மு விமானப்படைத் தளத்துல ட்ரோன் தாக்குதலே நடந்தது. விமான நிலையம் பக்கத்துல யார் பறக்கவிட்டாலும் பிடிங்க, நாங்களே கூட நிப்போம். ஆனா ஜம்மு தாக்குதல் நடந்து ரெண்டே மாசத்துலதான் அந்த ஆகஸ்ட் விதிகளைத் தளர்த்தினாங்க. ஏன்? குண்டு வைக்கிறவன் படிவம் நிரப்பிட்டு வரமாட்டான்னு அவங்களுக்கும் தெரியும்.

பொழுதுபோக்கு என்ன கொடுக்கும்னு கேட்கிறவங்களுக்கு ரெண்டு உதாரணம். ‘3 இடியட்ஸ்’ படத்துல பறந்த ட்ரோனைச் செஞ்சது ஐஐடி பம்பாயில படிச்ச இளைஞர்கள். அவங்க 2007-ல தொடங்கின ஐடியாஃபோர்ஜ் இன்னிக்கு ராணுவத்துக்கு ட்ரோன் கொடுக்குது. நம்ம குரோம்பேட்டை எம்ஐடியோட தக்‌ஷா அணி 2018-ல ஆஸ்திரேலியாவுல நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில இரண்டாம் இடம் வாங்குச்சு. அதுக்கு ஆலோசகரா இருந்தவர் நடிகர் அஜித்குமார். அவர் ஏரோமாடலிங் பட்டம் வாங்கினவர் இல்லை, ஆசையால கத்துக்கிட்டவர்.

நம்மைவிட ஏழை நாடு மலாவி. அங்க 2017-ல யுனிசெஃப் கூடச் சேர்ந்து கசுங்குங்கிற இடத்துல ட்ரோன் சோதனைக்குன்னே தனி வான்வெளி ஒதுக்கினாங்க. 2020-ல ட்ரோன் படிப்புக்கு ஒரு அகாடமியே வந்தது. முதல்ல இடம் கொடுத்தாங்க, பின்னாடியே படிப்பு வந்தது.

அதனால நாம கேட்கிறது நாலே விஷயம்.

1. சொந்தமா செஞ்ச, 2 கிலோவுக்குள்ள இருக்கிற ட்ரோனுக்கு ஒரு பக்கச் சுய அறிவிப்பு போதும். எண்ணை அரசே கொடுக்கட்டும்.

2. ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு திடல். சென்னையில மீனம்பாக்கம் விமான நிலையத்தையும் தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் சுத்தி வட்டம் போட்டா, தென்சென்னைப் பையன் எங்க போவான்?

3. யாருக்கும் பாதிப்பு இல்லாத முதல் தவறுக்கு எச்சரிக்கை மட்டும். ட்ரோனை எடுத்தா ரசீது, திருப்பித் தர ஒரு கெடு.

4. ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் இந்த விதிகள் தமிழ்ல, ஒரே பக்கத்துல.

இதுல எதுக்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். மனசு இருந்தாப் போதும்.

கடைசியா தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பறக்கவிடறதுக்கு முன்னாடி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்க. சிவப்பு மண்டலத்துல விடாதீங்க. கூட்டத்துக்கு மேல விடாதீங்க. நாம ஒழுங்கா இருந்தாத்தான் உரிமையைக் கேட்க முடியும்.

ட்ரோனைப் பறிகொடுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தா கமெண்ட்ல எழுதுங்க. தொகுத்து, கோரிக்கை மனுவோட சேர்த்துக் கொடுக்கப் போறோம். என் நண்பனோட கதையை முதல் பக்கத்துல வச்சிருக்கேன்.



#பறக்கவிடுங்கள் #மாவட்டத்துக்கு_ஒரு_ட்ரோன்_திடல்