உடைந்த பல்லை ஒட்டலாமா?



நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங் கற்றுத் தேறுகிறார்கள். அப்படி ஒரு பையன் வீட்டில் இருந்தால், அக்கம்பக்கத்தார் உடைந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வாயிற்கதவு, சைக்கிள் தாங்கி போன்றவற்றில் தொல்லை இல்லை. பல் உடைந்த சக்கரம் வரும்போதுதான் அவன் நிதானிக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

ரப்பர் சீட்டு உருட்டும் கை இயந்திரத்தை நம்மில் மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். கைப்பிடியோடு சுற்றும் சிறு சக்கரத்துக்கு 20 பற்கள், உருளையோடு சுற்றும் பெரிய சக்கரத்துக்கு 60 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி மூன்று சுற்றுச் சுற்றினால் உருளை ஒரு சுற்றுச் சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகிறது. முறுக்கு விசையோ, உராய்வில் போனது போக, ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அவ்வளவையும் தாங்குபவை அந்த நேரத்தில் கடித்திருக்கும் ஓரிரு பற்களே. மோட்டார் பூட்டிய சக்கரம் நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றினால், எட்டு மணி நேரத்தில் ஒவ்வொரு பல்லும் 28,800 முறை அழுத்தப்படுகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிவதுபோல, பல்லின் அடியில் மயிரிழை அளவு வெடிப்புக் கண்டு, அது மெல்ல வளர்ந்து, ஒருநாள் பல் விழுந்துவிடுகிறது.

ஆகவே பல்லுக்கு இரண்டு குணங்கள் வேண்டும். தேயாதிருக்க மேற்புறம் கடினமாக இருக்க வேண்டும். முறியாதிருக்க உட்புறம் உறுதியாக, இழுபடக்கூடியதாக இருக்க வேண்டும். நல்ல கொல்லர் கத்தியின் வாயை மட்டும் கடினப்படுத்தி முதுகை மென்மையாக விடுவது இதே காரணத்தால்தான். சக்கரங்களில் இதற்காக, கரி குறைந்த எஃகைச் சுமார் 900 பாகை வெப்பத்தில் வைத்து, மேற்பரப்பில் மட்டும் கரியை ஏற்றிப் பின் குளிர்விக்கும் முறை உண்டு.

எஃகில் உள்ள கரியின் அளவே வெல்டிங்கில் முதற்கேள்வி. கதவு செய்யும் சாதாரண இரும்பில் அது 0.2 விழுக்காடு அளவில்தான் இருக்கும், எளிதில் ஒட்டும். 0.45 விழுக்காடு உள்ள எஃகு அப்படியல்ல. உருகிய இடத்தின் சூட்டைச் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது. பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கியது போலத்தான். ஒட்டின் ஓரம் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது. குச்சியின் பூச்சில் ஈரம் இருந்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜனும் சேர்ந்து, ஒரு நாள் கழித்துக்கூட வெடிப்பை உண்டாக்கும். ஒட்டியவுடன் பார்த்தால் வேலை அழகாகவே தெரியும்!

சிறிய ஒட்டு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் நார்வே நாட்டு மிதவை மேடை கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தனர். ஒரு சிறு கருவியைப் பொருத்த, தாங்குகுழாய் ஒன்றில் போட்டிருந்த 6 மில்லிமீட்டர் ஒட்டில் வெடிப்புத் தொடங்கியிருந்தது. அந்தக் குழாய் முறிந்தது. மற்றவையும் அடுத்தடுத்து முறிந்தன. ஐந்து கால்களில் ஒன்று கழன்றுபோயிற்று.

பையன் முதலில் அரத்தை எடுத்துத் தேய்த்துப் பார்க்கட்டும். அரம் வழுக்கினால் அது கடினப்படுத்திய எஃகு. சாணைச் சக்கரத்தில் பிடித்தால், கரி குறைந்த எஃகின் பொறி நீண்ட கோடாகப் போகும். கரி மிகுந்தது பூவாணம்போல் வெடித்துச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி மங்கிச் சிவந்து குறுகியிருக்கும். கை இயந்திரத்தின் பழைய சக்கரங்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பே. அதற்கு நிக்கல் குச்சியோ பித்தளை ஒட்டோ வேண்டும். நடுத்தரக் கரி எஃகானால், 200 பாகைக்குக் குறையாமல் முன்சூடேற்றி, உலர்ந்த குறை-ஹைட்ரஜன் குச்சியால் ஒட்டி, உலர்ந்த சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம்; திறந்து வைத்த குச்சிப் பெட்டியை நம்பலாகாது.

இவ்வளவு செய்தாலும், கையால் அராவிய பல் மெதுவாகச் சுற்றும் கை இயந்திரத்துக்கே சரி. மோட்டாரில் ஓடுவதற்குப் புதுச் சக்கரம் வாங்குவதே மேல். அதோடு கடிக்கும் ஜோடிச் சக்கரம் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்; இல்லையேல் புதிய பல்லின் மேல் சுமை கோணலாக விழும். பழைய பல் ஏன் உடைந்தது என்பதையும் தேட வேண்டும். கிரீஸ் வற்றியிருக்கலாம், அச்சு சாய்ந்திருக்கலாம், கல் சிக்கியிருக்கலாம். தேடும்போது மோட்டாரின் சுவிட்ச் மூடியிருக்கட்டும். விரல் பற்களுக்கு அருகில் போகவே கூடாது.